அலெக்சாண்டர் பெயர் போட்ட வெள்ளிக்காசு அலெக்சாண்டர் காலத்ததுதானா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். குவைத்தில் பல வருடம் வேலை பார்த்த உங்கள் பெரியப்பாவின் பெட்டியில் ஒரு வெள்ளிக்காசு இருந்திருக்கிறது. ஒரு பக்கம் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய இளைஞனின் முகம். மறுபக்கம் அரியணையில் உட்கார்ந்து ஒரு கையில் கழுகையும் மறு கையில் கோலையும் பிடித்திருக்கும் தாடிக்காரர், அவர் முதுகுக்குப் பின்னால் மேலிருந்து கீழாகக் கிரேக்க எழுத்துகள். நகைக்கடைத் தராசில் 16.8 கிராம். பார்த்த நண்பர், அலெக்சாண்டரே அடித்த காசு, இருப்பது அவருடைய முகம்தான் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: முகம் யாருடையது, எப்போது அடிக்கப்பட்டது, உங்கள் கையில் இருப்பது அசலா. நாணயவியல் படித்து, கிரேக்கக் காசுகளை வகைபிரித்துப் பட்டியலிடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, காசில் இருக்கும் சின்னக் குறிகளைப் பார்த்தால் நல்ல பதில் கிடைக்கும். மூன்றாவதற்கு வர்ணனையை மட்டும் வைத்து யாரும் பதில் சொல்லக்கூடாது.

முகம் கிரேக்கப் புராண வீரன் ஹெரக்ளீஸுடையது. மாசிடோனிய அரச வம்சம் தங்களை ஹெரக்ளீஸின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்டது. சிங்கத்தோல் போர்த்திய ஹெரக்ளீஸ் தலை அலெக்சாண்டரின் தாத்தா மூன்றாம் அமிண்டஸின் காசுகளிலேயே வந்துவிட்டது. ஆகவே அலெக்சாண்டர் புதிதாகத் தன் முகத்தைப் பொறித்தார் என்று சொல்ல இடமில்லை. மறுபக்கம் இருப்பது கிரேக்கத் தெய்வங்களின் தலைவரான ஜீயஸ். நான்கு டிராக்மா மதிப்புள்ள இந்தக் காசை டெட்ராடிராக்ம் என்பார்கள். ஏதென்ஸின் எடையளவுப்படி ஏறத்தாழ 17.2 கிராம் இருக்க வேண்டும். அப்புறம், சில ஊர்களில் அச்சு வெட்டியவர்கள் ஹெரக்ளீஸின் முகத்தில் அலெக்சாண்டரின் சாயலைக் கொண்டுவந்தார்களா என்ற கேள்வி உண்டு. அவர் இறந்த பிறகு மக்கள் அதை அவர் முகமாகவே பார்த்திருக்கலாம். அது சாத்தியம்தான், நிரூபணம் இல்லை. "இது அலெக்சாண்டரின் உருவம்" என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அவருடைய முகம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய காசுகள் அவர் இறந்த பிறகு, அவருடைய தளபதிகள் அடித்தவை. எகிப்தைப் பிடித்துக்கொண்ட தாலமி, யானைத்தலைத் தோலைப் போர்த்திய அலெக்சாண்டரைப் பொறித்தார். திரேசை ஆண்ட லிசிமாக்கஸ், கி.மு. 297 வாக்கில், ஆட்டுக்கடாக் கொம்பு முளைத்த அலெக்சாண்டரைப் பொறித்தார். அது அம்மோன் தெய்வத்தின் கொம்பு. லிசிமாக்கஸின் காசுகளில் நல்ல அச்சில் வந்த ஒன்றைப் பார்த்தவர்கள் அந்த மேல்நோக்கிய கண்களை மறக்க மாட்டார்கள். கிரேக்க உலகத்தின் உருவக்கலையில் அதற்கு ஈடான காசுகள் மிகச் சிலவே என்பது என் கருத்து. அலெக்சாண்டர் உயிரோடு இருந்தபோதே அவர் உருவம் வந்திருக்கக்கூடிய ஒரே வரிசை, குதிரையில் வரும் வீரன் யானைமேல் இருப்பவர்களைத் தாக்குவது போன்ற பெரிய வெள்ளித் துண்டுகள். போரஸோடு நடந்த போரை ஒட்டியவை என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். மறுபக்கம் இடியாயுதத்தைப் பிடித்து நிற்கும் உருவம் அலெக்சாண்டர் என்பதில் பெரிய சண்டை இல்லை. எங்கே, எந்த வருடம் அடித்தார்கள் என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

சரி, எப்போது அடித்தது? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். காசில் "அலெக்சாண்டருடையது" என்று பொருள்படும்படி பெயர் இருக்கிறது, ஆகவே அவர் காலத்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் இறந்தது கி.மு. 323. அவர் பெயரிலும் இதே உருவங்களோடும் காசு அடிப்பது அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு நடந்தது. கருங்கடல் கரையில் இன்றைய பல்கேரியாவில் இருக்கும் ஒடெசோஸ், மெசெம்பிரியா ஆகிய இரண்டு ஊர்களும் கி.மு. முதல் நூற்றாண்டிலும் அலெக்சாண்டர் பெயரில் வெள்ளி அடித்துக்கொண்டிருந்தன. ரோம் ஆசியா மைனருக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட காலம் அது.

இது மோசடி இல்லை. கூலிப்படை வீரனும் கடல் வியாபாரியும் எந்தக் காசைக் கேள்வி கேட்காமல் வாங்குவார்களோ அந்தக் காசை அடிப்பதுதான் ஒரு நகரத்துக்கோ அரசனுக்கோ லாபம். நம் ஊரிலேயே இது நடந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைத் தங்கசாலையில் 19-ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் இருக்கும். அவர் 1759-லேயே கொல்லப்பட்டுவிட்டார். பெயரையும் ஆண்டையும் நம்பி அந்த ரூபாயின் காலத்தைச் சொன்னால் அரை நூற்றாண்டு பிசகிவிடும். அலெக்சாண்டர் காசில் பிசகு இருநூறு வருடத்தையும் தாண்டிப் போகலாம்.

அவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாரசீக அரசர்கள் சேர்த்து வைத்திருந்த கருவூலங்கள் ஒரு முக்கியமான பதில். பாரசீகத் தலைநகர்களில் ஒன்றான பெர்செபோலிஸில் மட்டும் 1,20,000 டாலண்ட் (டாலண்ட் என்பது அக்காலத்துப் பெரிய எடையளவு) மதிப்புக்குக் கிடைத்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். பழைய ஆசிரியர்களின் எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு டாலண்ட் வெள்ளியில் 1,500 டெட்ராடிராக்ம் அடிக்கலாம் என்பதை வைத்து அளவை ஊகித்துக்கொள்ளுங்கள். மாசிடோனியாவிலிருந்து பாபிலோன் வரை இருபதுக்கும் மேற்பட்ட அக்கசாலைகள், அதாவது காசு அடிக்கும் இடங்கள், அலெக்சாண்டரின் வாழ்நாளில் இதே உருவத்தை அடித்தன. அவருக்குப் பிறகு, தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் இருந்த சகோதரர் பிலிப் அர்ரிடேயஸின் பெயரில், உருவம் மாறாமல் பெயர் மட்டும் மாறி, சில வருடம் வந்தது. அலெக்சாண்டரின் இன்னொரு தளபதியான செலூக்கஸ் முதலில் அலெக்சாண்டர் பெயரையே வைத்துக்கொண்டு பக்கத்தில் தன் சின்னமான நங்கூரத்தைப் போட்டார். அப்புறம் தன் பெயரைப் போட்டார். ஜீயஸின் கையில் கழுகு இருந்த இடத்தில் வெற்றித் தெய்வம் நைக்கியை வைத்தார். அவர் மகன் ஆண்டியோக்கஸ் காலத்தில்தான் கூம்புக் கல்மேல் அமர்ந்த அப்பல்லோ செலூக்கிய வம்சத்தின் அடையாளமாக நிலைத்தது. இப்படிப் படிப்படியாக நகர்ந்ததைப் பார்க்கும்போது, அலெக்சாண்டரின் பெயரைக் கைவிட அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

எகிப்து மட்டும் வேறு வழியில் போனது. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் உங்கள் காசின் எடை ஏன் முக்கியம் என்பது அதில் புரியும். தாலமி தன் டெட்ராடிராக்மின் எடையை 17.2 கிராமிலிருந்து முதலில் 15.7 வாக்கிலும் பிறகு 14.2 வாக்கிலும் இறக்கினார். எடை குறைந்த காசை எகிப்துக்கு வெளியே யாரும் அதே மதிப்புக்கு வாங்க மாட்டார்கள். ஆகவே நாட்டுக்குள் வேறு காசு புழங்கக்கூடாது, வெளியூர்க்காரர் கொண்டுவரும் காசை அரசிடம் கொடுத்து எகிப்தியக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. கி.மு. 258-ல் அலெக்சாண்டிரியாவில் காசு அடிக்கும் பொறுப்பில் இருந்த டெமெட்ரியஸ் என்பவர் நிதியமைச்சர் அப்பலோனியஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகள் தங்கள் பொன்னைப் புதிய காசாக மாற்ற முடியாமல் பணம் முடங்கிக் கிடக்கிறது என்று குமுறுகிறார்கள் என்பது அதன் சாரம். எகிப்தில் கிடைக்கும் பிற்காலப் புதையல்களில் தாலமிகளின் காசே நிறைந்திருப்பதும், செலூக்கிய நாட்டுப் புதையல்களில் பல ஊர்க் காசு கலந்து கிடப்பதும் இதோடு பொருந்துகின்றன. எகிப்துக்கு வெளியே 17 கிராமை ஒட்டிய எடையுள்ள காசு பெரும்பாலான இடங்களில் செல்லுபடியானது. அலெக்சாண்டர் பெயரிலான காசு நீடித்து வாழ்ந்தது அந்த வெளியில்தான்.

காசில் ஆண்டு இல்லாதபோது காலத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பது அடுத்த நியாயமான கேள்வி. மூன்று வழிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, சில அக்கசாலைகள் ஆண்டைப் போட்டன. பினீசியாவின் (இன்றைய லெபனான் கரையை ஒட்டிய பகுதி) சைடோனில் கிரேக்க, பினீசிய எழுத்துகளால் வருடம் குறித்தார்கள். இன்னொரு பினீசிய நகரத்திலும் எண் குறித்தார்கள். இரண்டாவது, அச்சுத் தொடர்பு. தலைப்பக்க அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், பின்பக்க அச்சின் மேல் சம்மட்டி அடி நேராக விழும். ஆகவே பின்பக்க அச்சு சீக்கிரம் தேய்ந்து உடையும், அதை மாற்றுவார்கள். ஒரே தலை அச்சு வெவ்வேறு பின்பக்க அச்சுகளோடு வரும்போது, தலை அச்சில் விரிசல் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்த்து எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தலாம். மூன்றாவது, புதையல்கள். 1905-ல் எகிப்தின் டமன்ஹூரில் 8,000 அளவில் அலெக்சாண்டர் டெட்ராடிராக்ம்கள் ஒன்றாகக் கிடைத்தன. அது கி.மு. 318 வாக்கில் புதைக்கப்பட்டது. அதில் இருக்கும் வகைகள் எல்லாம் அதற்கு முந்தியவை என்று ஆகிவிடுகிறது. அமெரிக்க நாணயவியலாளர் எட்வர்ட் நியூவெல் இந்தப் புதையலைக் காசு காசாக ஆராய்ந்து போட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்றுவரை எல்லோரும் நிற்கிறோம். பிறகு 1991-ல் மார்ட்டின் பிரைஸ் ஆயிரக்கணக்கான வகைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டார். ஏல அறிவிப்புகளில் "பிரைஸ்" என்று போட்டு வரும் எண் அதுதான்.

இந்த முறைகள் வரிசையை நன்றாகக் காட்டிவிடும். ஊரைக் காட்டுவதில் பலவீனம் உண்டு. "ஆம்பிபோலிஸ்" என்று பட்டியலில் போட்டிருக்கும் பெரிய தொகுதி மாசிடோனியாவில் அடித்தது என்பது உறுதி; ஆம்பிபோலிஸ் என்ற குறிப்பிட்ட ஊரிலா, தலைநகர் பெல்லாவிலா என்பது உறுதியில்லை, அது வசதிக்காக வைத்துக்கொண்ட பெயர்தான். நான் மேலே பெயர் சொல்லாமல் விட்ட அந்தப் பினீசிய நகரத்தை நியூவெல் காலத்திலிருந்து ஆக்கே என்றார்கள். இப்போது பெரும்பாலோர் டயர் என்கிறார்கள், அதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. அலெக்சாண்டர் இந்த வெள்ளி வரிசையை எப்போது தொடங்கினார் என்பதிலும் இரண்டு கட்சி: பட்டம் ஏறிய 336-லேயே என்று ஒன்று, இன்றைய துருக்கியின் தெற்கில் இருக்கும் டார்சஸைப் பிடித்த 333-க்குப் பிறகு என்று இன்னொன்று. டார்சஸில் பாரசீக ஆளுநர் மசாயஸ் அடித்த காசில் பாஆல் (Baal) என்ற தெய்வம் உட்கார்ந்திருக்கும் விதம் இந்த ஜீயஸைப் போலவே இருப்பது இரண்டாம் கட்சிக்குப் பெரிய பலம். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் வழக்கு முடியவில்லை.

இப்போது உங்கள் காசுக்கு வருவோம். முதலில் ஜீயஸின் கால்களைப் பாருங்கள். இரண்டு காலும் இணையாக இருந்தால் பெரும்பாலும் முற்காலம். ஒரு கால் பின்னுக்கு இழுத்து மற்றதோடு குறுக்காக இருந்தால் பெரும்பாலும் அவர் இறப்பை ஒட்டியோ அதற்குப் பின்னோ. இதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாசிடோனியாவில் அவர் இறந்து பல வருடம் கழித்தும் இணைந்த கால்களையே அடித்தார்கள். அடுத்து, விட்டத்தை அளந்து பாருங்கள். முற்காலத்தவை தடித்து, 25 முதல் 27 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 30-ஐத் தாண்டி அகலமாக, மெலிதாக இருந்தால் அது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டில் ஆசியா மைனர் நகரங்கள் அடித்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். உங்கள் 16.8 கிராம் எடையும் அந்தப் பிற்காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் நன்றாகத் தேய்ந்த முற்காலக் காசும் அந்த எடைக்கு வந்துவிடும், ஆகவே எடையை மட்டும் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஜீயஸின் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடமும் அரியணைக்கு அடியில் இருக்கும் இடமும். அங்கே ஒரு சின்னமோ, எழுத்துகளைக் கோத்த முடிச்சோ இருக்கும். ரோஜாப்பூ இருந்தால் ரோட்ஸ், ஸ்பிங்ஸ் இருந்தால் கியோஸ், திரும்பிப் பார்க்கும் சிங்கம் இருந்தால் மிலெட்டஸ் என்று பிற்கால நகரங்கள் தங்கள் அடையாளத்தைப் போட்டன. பம்பிலியாப் பகுதியின் அஸ்பெண்டோஸ், பெர்கே போன்ற ஊர்கள் ஆண்டு எண்ணையும் போட்டன. அலெக்சாண்டர் காலத்துச் சின்னங்களை அப்படி ஊர் அடையாளமாக வாசிக்கக்கூடாது. அவை அந்தந்த வேளையில் பொறுப்பில் இருந்த அதிகாரியின் முத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் லுட்விக் மியூலர் எல்லாச் சின்னங்களையும் ஊர்ச் சின்னமாக எடுத்துக்கொண்டதால்தான் அவருடைய வகைபிரிப்பைப் பின்னால் கலைத்துப் போட வேண்டியிருந்தது.

குவைத்திலிருந்து வந்த காசு என்பதால் இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் அதிக ஆர்வம். குவைத்தை ஒட்டிய பைலக்கா தீவில் கிரேக்கக் குடியிருப்பு ஒன்று இருந்தது. இகாரோஸ் என்று அதற்குப் பெயர். வளைகுடாவின் அரபுக் கரையில் உள்ளூர் மக்கள் இதே ஹெரக்ளீஸ் தலையையும் உட்கார்ந்த உருவத்தையும் பார்த்துப் பார்த்துத் தாங்களே காசு அடித்தார்கள். அவற்றில் ஜீயஸுக்குத் தாடி இருக்காது, கழுகு குதிரையாகவோ வேறு ஏதோ ஆகவோ மாறியிருக்கும், கிரேக்க எழுத்து உருக்குலைந்து அல்லது அரமேய, தென்னரபிய எழுத்தாக இருக்கும். உங்கள் காசில் பெயர் தெளிவாகக் கிரேக்கத்தில் இருந்தால் அது இந்த வகை இல்லை. எழுத்து கோணலாக, புரியாததாக இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாமல் உடனே எனக்குப் படம் அனுப்புங்கள். இன்னொன்று, உங்கள் பெரியப்பா குவைத்தில் இருந்தார் என்பதால் காசு அந்த மண்ணில் கிடைத்தது என்று ஆகாது. சந்தையில் வாங்கியிருந்தால் அது எங்கிருந்தும் வந்திருக்கலாம்.

அசலா என்பதைப் பற்றி. எதிரியின் பலத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1830-ல் இறந்த ஜெர்மானியர் கார்ல் பெக்கர், தானே அச்சு வெட்டி, வெள்ளியில் அடித்து, புகழ்பெற்ற தொகுப்புகளையே ஏமாற்றினார். அவருடைய அச்சுகள் இப்போது பெர்லினில் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் கிறிஸ்டோடூலோ அதே வேலையைச் செய்தார். அவரிடம் பிடிபட்ட அச்சுகளைக் கிரேக்க நாணயவியலாளர் ஸ்வோரோனோஸ் பதிப்பித்தார். இன்று அதைவிட நல்ல போலிகள் வருகின்றன, அலெக்சாண்டர் காசு அவர்களுக்குப் பிடித்த சரக்கு. மட்டமான போலியை மட்டும் வீட்டில் கண்டுபிடிக்கலாம். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, சோப்புக்கட்டி போல மழுங்கிய உருவம், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருந்தால் வார்த்த காசு என்று சந்தேகிக்க வேண்டும். நகைக்கடைத் தராசிலேயே இன்னொரு சோதனை செய்யலாம்: தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல வெள்ளியாக இருந்தால் தராசு 1.6 கிராம் அளவு காட்டும். 1.9-ஐ ஒட்டிப் போனால் உள்ளே செம்பு நிறைய இருக்கிறது. அப்படி இருந்தாலும் நவீனப் போலி என்று முடிவுகட்ட முடியாது. செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலக் கள்ளக்காசுகளும் உண்டு, அவற்றுக்கும் வரலாற்று மதிப்பு இருக்கிறது.

நகைக்கடைக் காரட் மீட்டர் வெள்ளி இத்தனை சதவீதம் என்று காட்டும். அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. பழங்கால வெள்ளியில் பொதுவாகச் சிறிதளவு தங்கமும் ஈயமும் கலந்திருக்கும், நவீனமாகச் சுத்திகரித்த வெள்ளியில் அந்தத் தங்கம் இருக்காது; இது உதவியான தடயம். ஆனால் தேய்ந்த பழைய காசை உருக்கி அடித்த போலி இந்தச் சோதனையில் தப்பிவிடும். கடைசியில் காசைக் கையில் வாங்கி, உருப்பெருக்கியில் பார்த்து, அறியப்பட்ட அச்சுகளோடு ஒப்பிடக்கூடிய ஒருவர் வேண்டும். அச்சு ஏற்கெனவே பதிவான அசல் காசோடு பொருந்தினால் நம்பிக்கை கூடும். பதிவான போலியோடு பொருந்தினால் கதை முடிந்தது.

அதுவரை தயவுசெய்து விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள், உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். மேலே படிந்திருக்கும் கருமை காசைச் சோதிப்பவருக்குத் தேவையான சாட்சி. பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கவும் கூடும், கீழே விழுந்தால் இரண்டாக உடையும். சட்டப் பக்கம்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள், அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவை விட்டு வெளியே எடுத்துப் போகவோ, வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பவோ கூடாது. பெரியப்பா அதை எப்போது, எப்படி வாங்கினார் என்பதற்கு ரசீதோ கடிதமோ இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பகல் வெளிச்சத்தில், சாய்வாக ஒளி விழும்படி இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். ஜீயஸின் முன்னால் என்ன குறி, அரியணைக்குக் கீழே என்ன குறி, பெயரைத் தவிர வேறு சொல் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். குறிகள் படிக்கும்படி இருந்தால் எந்த வட்டாரம், எந்தப் பத்திருபது ஆண்டுகள் என்பது வரைக்கும் சொல்லலாம். அசலா என்பதற்கு, படத்தைப் பார்த்து "சந்தேகம் இல்லாத போலி" என்று வேண்டுமானால் நான் சொல்ல முடியும். "சந்தேகம் இல்லாத அசல்" என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், சொல்பவரையும் நம்பாதீர்கள்.